நெடுநாள் நம்பிக்கையும் மிகுபொருள் வரைதலும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாச் சொற்பொழிவு)



இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் முதலீடு என்றால் முன்னாளில் நிலமும் பொன்னும் பஞ்சும் நூலும்தாம். 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை நிறுவியபின் பங்கு என்னும் சொல்லும் இவ்வூர்களுக்குப் பழகியது. இன்றோ இங்குள்ள இளைஞர்கள் கைப்பேசி வழியே கூகுள் நிறுவனத்தில் முதலிட விழைகின்றனர். "பொறுத்திருந்தால் கூகுள் கைவிடாது" என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை எவருக்குப் பயன்தரும் என்பதே இவ்வுரையின் பொருள்.

சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற ராம் ஸ்ரீராம், 1998-இல் கூகுளின் தொடக்க முதலீட்டாளருள் ஒருவரானார். இருபதாண்டுகளுக்கு மேல் அதன் இயக்குநர் குழுவில் இருந்து வளர்ச்சியைக் கண்டார். 2004-இல் பொதுமக்களுக்கு 85 டாலருக்கு வழங்கப்பட்ட பங்கு, பின்னர்ப் பன்மடங்காயிற்று. ஆயினும் 2008-ஆம் ஆண்டு நெருக்கடியில் அதன் விலை, முந்தைய ஆண்டின் உச்சத்தில் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. அந்நாளில் பொறுத்திருந்தோர் யாவர்? வீட்டுச் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கி, எஞ்சியதை மட்டும் இட்டவர்கள். கடன் வாங்கி இட்டவர்க்குப் பொறுமை உள்ளத்தில் இருப்பினும், தவணை பொறுப்பதில்லை.

மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாகூவின் மதிப்பு பத்தாயிரம் கோடி டாலரைக் கடந்திருந்தது. 2017-இல் அதன் முதன்மைத் தொழில் சுமார் 448 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. கூகுளுக்கும் இடர்கள் உண்டு. 2022-இல் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. தேடல் துறையில் சட்டத்துக்குப் புறம்பாக முற்றுரிமையைக் காத்துக்கொண்டது என 2024-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. "ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை" என்று பொருளை நோக்கும் சியாத்வாதம், "என்றும் உயரும்" என்பாரையும் "நாளையே வீழும்" என்பாரையும் ஒருங்கே அடக்கும்.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் மிகுபொருள் வரைதலும் ஒன்று. பொருளீட்டலை அது விலக்கவில்லை. அதற்கு எல்லை வகுக்கச் சொல்கிறது. எல்லை வகுத்தவனே பிறர் ஈட்டம் கண்டு பதறாமல், விலை வீழ்ந்த நாளிலும் நெடுநாள் காத்திருக்க வல்லவன். ஆதலின் நகையை அடகு வைத்தும், மகளின் படிப்புப் பணத்தை எடுத்தும் பங்கு வாங்குதல் வேண்டா. எவ்வளவு இடுவது, எந்த அளவோடு நிறைவு கொள்வது என்பவற்றைக் குடும்பத்தார் முன்னரே கூடி முடிவு செய்க. எல்லைக்கு மேல் வருவதை அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானத்துக்கு ஆக்குக.

இராஜபாளையத்துக்குத் தெற்கே கழுகுமலைப் பாறையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் திருவுருவங்களைச் செய்வித்தோர் பெயர்கள் இன்றும் உள்ளன. அவர்கள் ஈட்டிய செல்வம் எவ்வளவு என்று எவரும் அறியார். ஈந்ததை மலை காட்டி நிற்கிறது.

அறம் வளர்க!