கண் உள்ள குட்டி விமானம்



பட்டம் விட்டிருப்பீர்கள். பட்டம் மேலே பறக்கும். நாம் கீழே நிற்போம். பட்டத்துக்குக் கண் இருந்தால் எப்படி இருக்கும்? அது பார்ப்பதை நாமும் பார்த்தால்?

இன்று அது முடிகிறது. ஆளில்லாத குட்டி விமானத்தில் கேமரா வைக்கிறார்கள். அது காணும் காட்சியைத் தரையில் நிற்பவர் உடனே பார்க்கிறார். இதை வீட்டிலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உடம்பு தெர்மாகோல். இறக்கை வளையாமல் இருக்க மூங்கில் சிம்பு. மூக்கில் சின்ன மோட்டார். அதில் ஒரு விசிறி. வாலில் அசையும் தகடுகள் இரண்டு. ஒன்று மூக்கை ஏற்றி இறக்கும். மற்றது இடம், வலம் திருப்பும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது பேட்டரி.

எடை சமமாக இருக்க வேண்டும். இதுதான் முக்கியம். இறக்கையின் அகலத்தை நான்கு பங்காக்குங்கள். முன்பக்கம் முதல் பங்கு முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் விரல் நுனியால் தாங்குங்கள். விமானம் தராசு முள்போல நேராக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். வால் கனத்த விமானம் சொன்ன பேச்சு கேட்காது.

படம் எப்படி வருகிறது? ரேடியோ பாட்டு வருவது போலத்தான். கம்பி இல்லை. அலைதான். கட்டளை கீழிருந்து மேலே போகிறது. அந்த அலை நொடிக்கு சுமார் 240 கோடி தடவை துடிக்கும். படம் மேலிருந்து கீழே வருகிறது. அது பெரும்பாலும் 580 கோடி தடவை துடிக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும். படம் வரும் அலைக்கு மரமும் சுவரும் ஆகாது. மரத்துக்குப் பின்னால் விமானம் போனால், பழைய டி.வி. போலப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். உடனே திருப்ப வேண்டும்.

கட்டளை அலை அறுந்தால் மோட்டார் தானே நிற்க வேண்டும். இதைத் தரையிலேயே சோதிக்கலாம். முதலில் விசிறியைக் கழற்றுங்கள். பிறகு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்கவில்லையா? அன்று பறக்க விடக் கூடாது.

சுழலும் விசிறி விரலை வெட்டும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

திரையைப் பார்ப்பவருக்குச் சுற்றி நடப்பது தெரியாது. கீழே குழந்தை ஓடி வரலாம். ஆகவே துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும். அவர் கண் விமானத்தை விட்டு அகலக் கூடாது. இன்னொன்று. அடுத்த வீட்டு முற்றத்தை, பெண்கள் குளிக்கும் துறையைக் கேமரா பார்க்கலாமா? கூடவே கூடாது.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு ட்ரோன் விதிகளை வெளியிட்டது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். விமான நிலையத்துக்கு அருகில் தடை உண்டு. 250 கிராம் வரை உள்ள ட்ரோனை ஓட்டச் சான்றிதழ் தேவையில்லை. உங்கள் ஊர் எந்தப் பகுதி என்று முதலில் விசாரியுங்கள்.

இந்தக் கேமராக் கண் விளையாட்டுக்கு மட்டும் அல்ல. 2020-ல் சுவாமித்வா திட்டம் தொடங்கியது. ஊர்களின் குடியிருப்பு நிலத்தை ட்ரோன் வைத்து அளந்தார்கள். வீட்டுக்காரர்களுக்குச் சொத்து அட்டை கொடுத்தார்கள்.

மாதிரி ஒன்று மேசைமேல் இருக்கிறது. விசிறியைக் கழற்றித்தான் வைத்திருக்கிறேன். வாருங்கள், இறக்கையை விரல் நுனியில் தாங்கிப் பாருங்கள்.