கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகும் முன் என்ன படிக்கலாம்?

புதுக்கோட்டையிலிருந்து பேசுறேன். இந்த வார எபிசோட் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டுக்குப் பதில். பொங்கல் லீவுக்கு நாலு பேரா கம்பம் பள்ளத்தாக்கு போறாங்களாம். "திராட்சைத் தோட்டம், சுருளி அருவி, அப்படியே தேக்கடி. போறதுக்கு முன்னாடி படிக்க ரெண்டு மூணு புத்தகம் சொல்லுங்க, ரெண்டு வாரம் டைம் இருக்கு" என்று கேட்டிருந்தாங்க.

நல்ல கேள்வி. ஏன்னா இப்போ ஒரு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நாம பார்க்கிறது ரீல்ஸ்தான். எங்கே போட்டோ எடுக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதை அது சொல்லிடும். அந்த ஊர் ஏன் அப்படி இருக்கு என்பதைச் சொல்லாது. கம்பத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். அந்தப் பச்சை அத்தனையும் மழையால மட்டும் வந்தது இல்ல. மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே ஓடிக்கிட்டிருந்த ஒரு ஆற்றை மறிச்சு, மலையைக் குடைஞ்சு, கிழக்கே திருப்பினதுல வந்தது. மானம் பார்த்த பூமியில, கண்மாய் நிறைஞ்சா விதைப்பு, இல்லன்னா இல்லன்னு வளர்ந்த நமக்கு இதோட அர்த்தம் சட்டுனு புரியும்.

அதனால புத்தகம் தேர்ந்தெடுக்க நான் சொல்ற வழி ஒண்ணே ஒண்ணுதான். எழுதினவர் அந்தத் தண்ணிக்கு எந்தப் பக்கம் நிக்கிறார் என்று பாருங்க. அணையைக் கட்டினவரா? அந்தத் தண்ணியில விவசாயம் பண்ணினவங்களைப் பற்றி எழுதினவரா? தண்ணிக்குள்ள ஊரை விட்டவரா? தண்ணியைப் பார்த்துப் பயப்படுறவரா? ஒரே பக்கம் நிக்கிற அஞ்சு புத்தகம் படிக்கிறதை விட, வேற வேற பக்கம் நிக்கிற ரெண்டு புத்தகம் மேல்.

நீங்க போற ரூட்டையே வரிசையா வெச்சுக்கலாம். புதுக்கோட்டை, மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி. கவனிச்சீங்களா? தண்ணி இறங்கி வர்ற வழியில நாம ஏறிப் போறோம்.

முதல் நிறுத்தம் உசிலம்பட்டி. பஸ் டீக்கு நிக்கும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். 1911-ல் திருத்தப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் சமூகத்தை மொத்தமா "குற்றப் பரம்பரை" என்று பதிவு பண்ணின வட்டாரம் இது. ஊர்ல அதுக்குப் பேரு ரேகைச் சட்டம். கைரேகை கொடுக்கணும், ராத்திரி போலீஸ் கண்காணிப்புல தூங்கணும், வெளியூர் போக சீட்டு வாங்கணும். கைரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் செத்தாங்க. சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ரத்தானது 1947-ல்தான்.

இதுக்கும் கம்பத்துக்கும் என்ன சம்பந்தம்? மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009-ல் எழுதின 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' என்ற ஆங்கிலப் புத்தகம் இந்தச் சம்பந்தத்தைப் பற்றியதுதான். கம்பம் பள்ளத்தாக்கு கிராமங்கள்ல தங்கி, அங்கே விவசாயம் பண்ற பிரமலைக் கள்ளர் குடும்பங்களோட பேசிப் பழகி எழுதினது. திருடன்னு முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகம், உழுது பயிர் வெச்சு வாழுறதையே ஒரு ஒழுக்கமா எப்படிப் பார்த்துச்சு என்பதுதான் அதோட மையம். நிலத்தைப் பண்படுத்துறதும் மனசைப் பண்படுத்துறதும் தமிழ்ல ஒரே சொல் என்பது நமக்குத் தெரியும். ஆனா அதை யோசிச்சுப் பார்த்திருக்க மாட்டோம். ஆய்வு நூல்தான், கொஞ்சம் மெதுவாப் போகும். ரெண்டு அத்தியாயம் படிச்சாலே போதும், வயல் ஓரத்துல நிக்கிற ஆளைப் பார்க்கிற உங்க பார்வை மாறிடும்.

இங்கே நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்கள் கள்ளர் மரபினர். அந்த அரசாட்சியைப் பற்றி நிக்கோலஸ் டர்க்ஸ் 1987-ல் 'தி ஹாலோ கிரவுன்' என்ற புத்தகமே எழுதியிருக்கார். பிரமலைக் கள்ளர் வேற பிரிவு, அவங்க நாட்டமைப்பும் வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா ஒரே பிரிட்டிஷ் ஆட்சி, ஒரே காலம். இங்கே ராஜாவுக்குப் பீரங்கி மரியாதை, பக்கத்து மாவட்டத்துல குடியானவனுக்குக் கைரேகை. ஒரு சமூகத்தோட "பிறவிக் குணம்" என்று யாராவது பேசினா, இந்த ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா போதும். அடுத்த ஊரைப் பற்றிப் படிக்கப் போய் நம்ம ஊரைப் பற்றித் தெரிஞ்சுக்கிறது இப்படித்தான்.

அடுத்து ஆண்டிபட்டி கணவாய் தாண்டினா வைகை அணை. 1959 ஜனவரியில் திறந்தது. பூங்கா, ஊஞ்சல், வறுத்த மீன். ஸ்கூல் டூர்ல நாம எல்லாரும் போயிருப்போம். அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில ஊர்கள் இருக்கு. அதைப் பற்றின நாவல் வைரமுத்துவோட 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, 2003-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினது. அவர் பிறந்த மெட்டூர் கிராமமே அணைக்காக மூழ்கினதுதான், குடும்பம் வடுகபட்டிக்கு இடம் பெயர்ந்தது. பேயத்தேவர் என்ற பெரியவர் ஒருத்தரை வெச்சு, கரிசலும் கள்ளியுமா இருந்த ஒரு வாழ்க்கையை நாவல் சொல்லும். தண்ணியே இல்லாம தவிச்ச மக்களை, கடைசியில தண்ணியே வெளியேத்துது. அதுதான் கதை. நடை கொஞ்சம் உணர்ச்சி தூக்கலா இருக்கும், பிடிக்காதவங்களும் உண்டு. ஆனா அந்த வட்டாரத்துப் பேச்சு, சாப்பாடு, வைத்தியம் எல்லாம் உள்ள இருக்கு. உங்ககிட்ட ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் இருக்குன்னா, இதை எடுங்க. அணையால லாபம் அடைஞ்சவங்க கதை எப்படியும் காதுக்கு வந்துடும். இழந்தவங்க கதையைத் தேடித்தான் படிக்கணும்.

தேனி தாண்டிட்டா பள்ளத்தாக்குக்குள்ள வந்துட்டோம். ஒரு பக்கம் ஏலமலை, இன்னொரு பக்கம் மேகமலை. நடுவுல நெல், வாழை, தென்னை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சை. சின்னமனூர் பேரைக் கேட்டதும் வரலாறு படிச்சவங்களுக்குப் பாண்டியர் செப்பேடு ஞாபகம் வரும், மத்தவங்களுக்குப் பண்ணைப்புரம் பக்கம்தான்னு ஞாபகம் வரும். விடியற்காலையில எழுந்தா ஜீப் ஜீப்பா பெண்கள் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போறதைப் பார்க்கலாம். ரீல்ஸ்ல அது வராது.

லோயர் கேம்ப்ல மலைச்சரிவுல நாலு ராட்சதக் குழாய் இறங்குறது தெரியும். அங்கேதான் பென்னிகுவிக் மணிமண்டபம், 2013-ல் திறந்தது. நீங்க பொங்கலுக்குப் போறதால ஒண்ணு பார்க்கலாம்: ஜனவரி 15 அவர் பிறந்த நாள். பள்ளத்தாக்குல அவருக்குப் பொங்கல் வைப்பாங்க. குழந்தைக்கு அவர் பேரு வெச்ச வீடுகள் உண்டு.

இங்கே படிக்க வேண்டியது ஏ.டி. மெக்கன்சி எழுதி 1899-ல் வெளியான பெரியாறு திட்ட வரலாறு. மெக்கன்சி அந்தத் திட்டத்துலயே வேலை பார்த்த பொறியாளர். நம்மள மாதிரி ஐடி ஆளுங்களுக்கு இது பழக்கமான வகைதான். ஒரு பெரிய புராஜெக்ட் முடிஞ்சதும் எது உடைஞ்சது, ஏன் உடைஞ்சது, எப்படிச் சரி பண்ணினோம் என்று எழுதுற ரிப்போர்ட் இருக்கே, அதே ஜாதி. தற்காலிக அணைகளை வெள்ளம் அடிச்சுட்டுப் போகும், திரும்பக் கட்டுவாங்க. மலேரியாவுல ஆட்கள் விழுவாங்க. மலைக்குள்ள ஒரு மைலுக்கு மேல சுரங்கம். 1887-ல் ஆரம்பிச்சு 1895-ல் முடிச்சாங்க.

படிக்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, இந்த யோசனை வெள்ளைக்காரங்களோட ஆரம்பிக்கல. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே இதை ஆராயச் சொன்னவர். ரெண்டு, பென்னிகுவிக் சொத்தை வித்து அணையை முடிச்சார் என்ற கதை. ஊர்ல எல்லாரும் சொல்வாங்க, ஆய்வாளர்கள் ஆதாரம் கேட்பாங்க. கட்டினது சென்னை அரசாங்கத்தோட திட்டம். ஆனா அந்தக் கதையை மணிமண்டபத்துல நின்னுக்கிட்டு மறுக்க வேணாம். சுமார் 14,700 ஏக்கர் இரு போகம் விளையுற பள்ளத்தாக்குல, நன்றி ஒரு கதையா மாறியிருக்கு. அது ஏன்னு யோசிக்கிறதுதான் நமக்கு வேலை.

இப்போ மலை ஏறி குமுளி. அங்கிருந்து தேக்கடி ஏரியில படகு. தண்ணிக்குள்ள மொட்டை மரங்கள் நிக்கும், எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. அதுவும் மூழ்கின காடுதான். 1886-ல் திருவிதாங்கூர் 999 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த இடம். அணை இருக்கிறது கேரளத்துல, பராமரிக்கிறது தமிழ்நாடு. எல்லைக்கு இந்தப் பக்கம் அணை சாமி மாதிரி. அந்தப் பக்கம் அதே அணை வேற.

2021 அக்டோபர்ல அணையை மூடச் சொல்லி ஹேஷ்டேக் ஓடினது ஞாபகம் இருக்கா? எங்க டீம் சாட்லயும் சண்டை வந்தது. நாங்க கன அடி, நீர்மட்டம் என்று நம்பரா அடுக்கினோம். வண்டிப்பெரியாறு பக்கத்து ஆள் ஒருத்தர் ஒரே ஒரு வரி போட்டார்: "எங்க அம்மா இன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டாங்க." அதுக்கு மேல யாரும் டைப் பண்ணல. அணை பலமா இருக்கா இல்லையா என்பது ஒரு கேள்வி. ஆத்தங்கரையில படுக்கிற அம்மாவுக்கு அது எப்படி இருக்கு என்பது வேற கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைச்சாலும் ரெண்டாவது தானா தீராது.

அதனால நாலாவதா நான் சொல்றது புத்தகமே இல்ல, ஒரு தீர்ப்பு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அமர்வு கொடுத்தது. 142 அடி வரை தேக்கலாம் என்றது இதுதான். இணையத்துல இலவசமாக் கிடைக்குது. முழுக்க வேணாம். ரெண்டு மாநிலமும் வெச்ச வாதங்களை மட்டும் படிங்க. கேரளம் என்ன சொல்லுது, தமிழ்நாடு என்ன சொல்லுது, நிபுணர் குழு என்ன பார்த்துச்சு என்பது ஒரே இடத்துல இருக்கும். தீர்ப்பு நமக்குச் சாதகம்தான். அப்படி இருக்கும்போதே எதிர்த் தரப்பு வாதத்தைப் பொறுமையாப் படிக்கிறது ஒரு நல்ல பழக்கம்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? நாவல் எந்தக் கடையிலயும் கிடைக்கும். பழைய புத்தகம் தேடுற ஆசை இருந்தா, நம்ம புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தை மறந்துடாதீங்க. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி சொந்த முயற்சியில சேர்த்தது, லட்சத்துக்கும் மேல புத்தகம். கேட்டுட்டுப் போங்க. 1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை கெசட்டியர் மாதிரி அரசு நூல்களை இணைய ஆவணக் காப்பகங்கள்லயும் தேடலாம்.

கடைசியா படிக்கிற முறை. ரெண்டு வாரத்துல நாலையும் முடிக்கணும்னு இல்ல. நாவல் முழுசா, மெக்கன்சியில சுரங்க அத்தியாயம், ஆனந்த் பாண்டியன்ல ரெண்டு அத்தியாயம், தீர்ப்புல வாதங்கள். நாலு பேர் போறீங்க இல்லையா? ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, பஸ்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க. மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டுப் படிங்க, ஊர் பேர் வரும்போது விரலை வெச்சுப் பாருங்க.

அங்கே போய் இறங்கினதும் படிச்சதை எடுத்து விடாதீங்க. திராட்சைத் தோட்டத்துல நிக்கிற அண்ணன்கிட்ட அணை வரலாறு சொல்லத் தேவையில்ல. "இந்த வருஷம் தண்ணி எப்போ திறந்தாங்கண்ணே?" என்று கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கு அவர் அரை மணி நேரம் பேசுவார். அதைப் புரிஞ்சு கேட்கிறதுக்குத்தான் இந்தப் படிப்பு எல்லாம்.

போயிட்டு வந்து வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். அப்புறம், திராட்சை வாங்கினா புதுக்கோட்டைக்கும் ஒரு பெட்டி.