திரையிலும் வகுப்பிலும் நம் பிள்ளைகள்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர், ஆசிரியர் கூட்டத்தில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இலும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இலும் தோன்றின. தீப்பெட்டி ஒட்டிய கைகளின் பிள்ளைகள் பட்டதாரிகள் ஆயினர். ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, பாடத்தில் மனம் இருப்பது வேறு. நாம் இதைச் சற்று வெட்கத்தோடுதான் கற்றுக்கொண்டோம்.

2020-இல் கொரோனாவால் ஆலயமும் கல்லூரியும் மூடப்பட்டபோது, நாமும் செல்பேசி வழியாக இளையோருக்கு வகுப்பு எடுத்தோம். ஒருநாள் நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசிவிட்டு ஒரு கேள்வி கேட்டோம். திரையில் முப்பது பெயர்கள். பதிலோ ஒன்றும் இல்லை. கடிந்துகொண்டோம். பிறகு வீடு வீடாகச் சென்றபோதுதான் விஷயம் விளங்கிற்று. ஒரு வீட்டில் அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே செல்பேசி. அதுவும், பட்டாசு ஆலைக்குள் செல்பேசி கூடாதென்பதால் தகப்பனார் வீட்டில் விட்டுச் சென்றது! வேறொரு மகள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே பாடம் கேட்டாள். மூன்றாம் வீட்டுப் பையன் ஆலைக்கு வேலைக்கே போயிருந்தான். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் ஆலை வெடித்த செய்தி வந்தபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் அவனே. அவன் அங்கு இல்லை. ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை.

கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவு இலவசம் என்று அரசு அவ்வாண்டு அறிவித்தது. நல்லதே. ஆனால் தரவோடு கவனமும் வந்துவிடுமா?

ஆசிரியர்களே, பத்து நிமிடம் பேசியதும் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். இருவர் இருவராகப் பேசி விடை காணட்டும். அமெரிக்காவின் ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991 முதல் இவ்வாறு கற்பித்தார். நமக்கு இது புதிதா? திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குச் சொல்லித் தரவில்லையா? 1789-இல் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து குரு, சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர்.

பாடத்தை ஊரிலிருந்து தொடங்குங்கள். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை என்பதை நம் பிள்ளைகள் புத்தகத்திற்கு முன்பே வானத்தில் கண்டவர்கள். மணி மருந்து உராய்ந்தால் ஏன் தீப்பற்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள், கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும். உச்ச நீதிமன்றம் 2018-இல் பேரியத்தை ஏன் தடுத்தது என்று கேட்டால் மணியடித்தும் வாதம் நிற்காது. பாதி வகுப்பின் சோறு அதில் அடங்கியிருக்கிறது.

இணைய வகுப்பென்றால், பாடத்தைச் சிறு ஒலிப்பதிவாகவும் அனுப்புங்கள். இரவில் செல்பேசி கைக்கு வரும்போது கேட்பார்கள். முகம் காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஒற்றை அறை வீட்டைக் காட்டப் பிள்ளைக்குக் கூச்சம்.

தாய்மாரே, வகுப்பு நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

அந்தப் பையன் பின்னர் கல்லூரிக்குத் திரும்பிப் பட்டமும் பெற்றான். இப்போது மாலைதோறும் நம் பங்கு மண்டபத்தில் தம்பி தங்கையருக்கு அவனே சட்டாம்பிள்ளை. ஆறு மணி முதல் ஒன்பது வரை விளக்கும் இணைய இணைப்பும் உண்டு. சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கிறது.