கைக்கொப்பிச் சித்திரங்கள்

சித்திரம் என்றதும் பலருடைய மனம் பெரியனவற்றையே நாடுகின்றது. சிகிரியாவின் பாறைச் சுவரும், அரண்மனைகளிலே தொங்கும் ஆளுயரப் படங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஒருவர் திண்ணையில் இருந்தபடியே, எதிரே மரநிழலிற் கச்சான் விற்கும் மூதாட்டியை அரைத்தாளில் வரைந்தாராயின், அதனைச் சித்திரம் என ஒப்புக்கொள்ள அயலவர் தயங்குவர். வேலையில்லாதவன் செய்யும் வேலை என்று சொல்வாரும் உளர். ஆயினும், முன்னிருந்த மக்கள் எதில் அமர்ந்தனர், எப்படி உண்டனர், பிள்ளையை இடுப்பிலே எவ்வாறு தாங்கினர் என்பனவற்றை அரண்மனைப் படங்கள் கூறுவது அரிது. அவற்றைக் கூறுவன இத்தகைய அரைத்தாட் படங்களே.

இலங்கையோடும் தொடர்புடைய ஒருவரை இங்கே குறிப்பிடுதல் தகும். யான் பிராண்டஸ் என்பவர் 1743ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்திலே பிறந்தவர். லூதரன் சபைப் போதகர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆசியத் தலைமை நகராயிருந்த பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், 1779 முதல் 1785 வரை ஊழியம் செய்தார். அங்கே சென்ற மறு ஆண்டிலேயே அவருடைய மனைவி இறந்துபோனார். யான்ச்சே எனச் செல்லமாக அழைக்கப்பட்ட கைக்குழந்தை எஞ்சினான். போதகர் ஓவியத்தாற் பிழைத்தவரல்லர். எனினும், வீட்டின் உள்ளறை, தேநீர் அருந்த வந்த விருந்தினர், பறவை, பூச்சி, செடி என்று கண்ணிற்பட்டவற்றையெல்லாம் வரைந்தார். மகனும் புளோரா என்னும் அடிமைச் சிறுமியும் ஓர் அறையிலே இருக்கும் நீர்வர்ணப் படம் ஏறத்தாழ 1784இல் அவர் தீட்டியது.

அக்காலத்து அடிமைகளின் பெயர்கள் விற்பனைப் பத்திரங்களிலும் சொத்துப் பட்டியல்களிலுமே பெரும்பாலும் காணப்படுவன. அங்கே பெயர் இருக்கும், முகம் இராது. புளோராவுக்கோ பெயரும் இருக்கின்றது, உருவமும் இருக்கின்றது. படத்திலே தோன்றும் அமைதியைக் கொண்டு அவ்வீட்டில் அநீதி இல்லை என்று கருதுவது பேதைமை. வரைந்தவரே எசமானர் அல்லவா? ஆனால், அவர் வரையாது விட்டிருப்பின், அச்சிறுமி இவ்வுலகில் இருந்தாள் என்பதனையே இன்று ஒருவரும் அறியார்.

1785இல் மகனோடு புறப்பட்ட பிராண்டஸ் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டு வரையும் தங்கினார். கொழும்பிலே ஆளுநர் வான் டி கிராவ் கண்டி அரசரின் தூதுவர்க்கு அளித்த வரவேற்பையும், காட்டு யானைகளை அடைப்புக்குட் செலுத்திப் பிடிக்கும் முறையையும் வரைந்தார். பின்னர் நன்னம்பிக்கை முனை வழியாக ஐரோப்பா சென்று, சுவீடன் நாட்டிற் குடியேறி, 1808இல் அங்கே காலமானார். அவருடைய தாள்கள் 1985ஆம் ஆண்டிலேதான் ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அரும்பொருளகத்தைச் சேர்ந்தன. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பொதுமக்கள் காணாதிருந்த அச்சித்திரங்களை இன்று வரலாற்றாசிரியர்கள் தேடிப் பார்க்கின்றனர்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான முயற்சி ஒன்று நடைபெற்றதுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சாவூர் ஓவியர்கள் ஆங்கிலேயக் கம்பனி உத்தியோகத்தர்க்கு விற்கும்பொருட்டு, ஒவ்வொரு தொழில் செய்வாரையும் கணவனும் மனைவியுமாகத் தாளிலே தீட்டினர். திருச்சிராப்பள்ளியிலே அப்பிரகத் தகட்டிலும் அவ்வாறு தீட்டினர். ஆடையும் அணியும் கருவியும் அவற்றில் நுட்பமாகவே காட்டப்பட்டுள்ளன. ஆனால், குறை ஒன்றுண்டு. குயவரும் நெசவாளரும் கொலுப்பொம்மை போல் நிற்கின்றனர்; அவர்களுக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. குயவர் என்னும் வகை அங்கே இருக்கின்றதேயன்றி, ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த திருகையின் முன் இருந்த ஒரு குயவர் அங்கே இல்லை. வாங்குவோரின் விருப்பத்திற்கு வரைவதற்கும், கண்டதற்காக வரைவதற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1813ஆம், 1814ஆம் ஆண்டுகளிலே சட்டைப்பையில் அடங்கும் சிறு கொப்பிகளோடு தம் ஊர்ப்புறத்தில் நடந்து திரிந்து, உழவரையும் படகையும் மரத்தையும் பென்சிலாற் குறித்துக்கொண்டார். அக்கொப்பிகள் இரண்டும் இன்று இலண்டனிலே விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்தில் உள்ளன. யப்பானிலே ஹொக்குசாய் வரைந்த பல்வகைக் குறிப்புப் படங்கள் 1814 முதல் நூல்களாக வெளிவரத் தொடங்கி, அவர் 1849இல் இறந்த பின்னரும் தொடர்ந்து, 1878இற் பதினைந்தாம் நூலோடு முற்றுப்பெற்றன. கொழும்பிலே பறங்கியர் சமூகத்தவரான வான் டோர்ட், 1831 முதல் 1898 வரை வாழ்ந்தவர், தம் காலத்து இலங்கை மாந்தரை இவ்வண்ணமே வரைந்துவைத்தார்.

இனி இன்றைய பாடசாலைப் பிள்ளைகளைப் பார்ப்போம். சித்திரம் வரை என்றால், இரண்டு மலைகள், அவற்றின் நடுவே உதயசூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, ஓர் ஆறு. மலையும் வற்றாத ஆறும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்த பிள்ளையும் இதனையே வரைகின்றது! கீரிமலைக்குப் பெயரளவிலேதான் மலை உண்டு. கேணியும் கடலும் அங்கே கண்முன் இருக்க, பிள்ளை காணாத மலையைத் தேடுகின்றது. வாழ்த்து அட்டையைப் பார்த்து வரைந்தவரைப் பார்த்து வரைந்தவரைப் பார்த்து வரைந்ததன் விளைவு இது.

கண்முன் உள்ளனவோ காத்திரா. ஆடுகால் துலாவில் ஏறி மிதிக்க, கீழே ஒருவர் பனையோலைப் பட்டையால் நீர் இறைத்துத் தோட்டம் செய்த காலம் ஒன்று இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது, துலா மறைந்தது. மிதித்தவர் எதனைப் பற்றிக்கொண்டு நடந்தார், திரும்பும்போது உடலை எவ்வாறு வளைத்தார் என்று கேட்கும் பேரப்பிள்ளைக்கு, பாட்டனார் கையை ஆட்டிக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கிடுகு வேலி மதிலாயிற்று. சங்கடப் படலை அருகிற்று. 1995இன் பிற்பகுதியிலே வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது, வீட்டுப் படங்களைக் கூட எடுத்துச் செல்லாதார் பலர். திரும்பி வந்தோரிற் சிலர்க்கு வீடே இல்லை. இன்று கைப்பேசியிலே நிழற்படம் எடுப்பது எளிதுதான். ஒரு நொடியில் எடுத்ததை மறு நொடியில் மறப்பதும் எளிது. அரை மணி நேரம் ஒரு கிணற்றடியைப் பார்த்து வரைந்தவர் அக்கிணற்றடியை மறப்பதில்லை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கோடிடாத சிறு கொப்பி, மென்மையான பென்சில், சிவப்பு மஞ்சள் நீலம் என மூன்று நீர்வர்ணம், ஒரு தூரிகை, சிறு போத்தலிலே தண்ணீர் ஆகியவை போதும். அழிறப்பரை வீட்டில் விட்டுச் செல்லுதல் நன்று. அது கையில் இருக்குமாயின் பாதி நேரம் அழிப்பதிலே கழியும். சந்தையில் மனிதர் அசையாது இரார். மீன் நிறுக்கும் பெண் குனிந்தபோது ஓர் உருவைத் தொடங்கி, அவர் நிமிர்ந்ததும் அதனை அப்படியே விட்டு, அதே தாளில் இன்னோர் உருவைத் தொடங்க வேண்டும். தொழில் செய்வார் முன்னிருந்த நிலைக்கே மீண்டும் மீண்டும் வருவர். வரும்போது முதல் உருவைத் தொடரலாம். வேலியை வரையும்போது கிடுகு ஒவ்வொன்றையும் எண்ணுதல் வேண்டா. வெயில் விழும் ஓரிடத்தில் நாலைந்து ஓலைக் கீற்றைக் காட்டினால், எஞ்சியவற்றைக் காண்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

நீர்வர்ணத்திலே வெள்ளை என்பது தாளின் வெள்ளையே. ஆதலால், நண்பகல் ஒளி படும் சுண்ணாம்புச் சுவரைத் தீண்டாமல் விட்டுவிட்டு, நிழலைத் தீட்டத் தெரிந்திருக்க வேண்டும். நிழல் கறுப்பு என்று எண்ணுவார் பலர். உற்றுப் பார்த்தால், வெள்ளைச் சுவரின் நிழல் நீலம் பாரித்திருப்பதும், அடிப்புறத்திலே செம்மண் தரையின் நிறம் ஏறியிருப்பதும் தெரியவரும். மெல்லிய வர்ணத்தை முன்னும் கடிய வர்ணத்தைப் பின்னும் இடுக. முதலில் இட்டது உலருமுன் அடுத்ததை இட்டால் இரண்டும் கலந்து சேறாகும்.

மனிதரை வரையுமுன் அவரிடம் ஒரு சொற் கேட்பதே மரியாதை. வரைந்து முடித்ததும் கொப்பியை அவரிடம் காட்டலாம். மூக்குச் சரியில்லை என்று சொல்வார். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். அவருடைய பெயரைக் கேட்டுப் படத்தின் கீழே எழுதுதல் வேண்டும். ஊரும் திகதியும் அவ்வாறே. கொன்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளிலே ஹம்ஸ்ரெட் மேட்டிலிருந்து மேகங்களைத் தீட்டியபோது, தாளின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்று வீசிய திசையையுங்கூடக் குறித்து வைத்தார். நிறைந்த கொப்பியைச் சுவரோரத்தில் வைத்தலாகாது. மாரியிலே ஈரமும் கோடையிலே கறையானும் அதனைத் தேடி வரும். மூடியுள்ள தகரப் பெட்டி நன்று.