பனங்குருத்துச் சிலுவை

தவக்காலம் பிறந்துவிட்டால் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சிலுவைகள் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன. இருட்டில் ஒளிர்வது ஒன்று, காரில் ஒட்டுவது ஒன்று, தங்க முலாம் பூசியது ஒன்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. பனங்குருத்தில் முடைந்த சிலுவைக்கு இவற்றில் எதுவும் ஈடாகாது.

குருத்தோலை ஞாயிறு பவனி உங்களுக்குத் தெரிந்ததுதான். அது நினைவுகூரும் இயேசுவின் எருசலேம் நுழைவை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. அவற்றில் குருத்தோலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறவர் யோவான் ஒருவரே. எங்கள் தேரிக்காட்டிலோ திரும்பிய பக்கமெல்லாம் பனை. வேறு ஓலையைத் தேட வேண்டியதே இல்லை.

எங்கள் ஊர் உபதேசியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம் சிலுவை முடையக் கோயில் திண்ணையில் உட்காருவார். பனையேறி வெட்டித் தந்த குருத்து ஈரத்துணியில் சுற்றியபடி மடியில் இருக்கும். ஈர்க்கை நகத்தாலேயே கீறி எடுத்துவிடுவார். கத்தி இல்லை, பசை இல்லை, குண்டூசி இல்லை. எல்லாம் நடு முடிச்சில்தான் இருக்கிறது. ஓலையின் நுனி முன்பக்கம் சாய்வாக ஏறி, பின்னால் போய், எதிர்ச்சாய்வாக மறுபடி முன்னே வர வேண்டும். கடைசி நுனியைப் பின்மடிப்புக்குள் செருகி இழுக்க வேண்டும். இழுப்பதுதான் முக்கியம். பச்சை ஓலை காயக் காயச் சுருங்கும். இளக்கமாகப் போட்ட முடிச்சு உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் கழன்றுவிடும். நான் முடைந்ததை வாங்கி ஓர் உதறு உதறுவார். சிலுவையின் கை ஆடினால், பேசாமல் பிரித்து என்னிடமே திருப்பித் தருவார். மறுபடியும் சொல்கிறேன், முடிச்சை இழுத்துப் போடுங்கள்.

தென்னங்குருத்திலும் முடைகிறார்கள். முடையட்டும். பனங்குருத்தின் விறைப்பு அதில் வராது என்பது என் தீர்மானமான கருத்து.

இந்தச் சிலுவை ஒரு வருடம் நிலைக்கு மேலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். தவக்காலத்துக்கு முன் கோயிலில் திரும்பக் கொடுப்போம். அதை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நம் நெற்றிக்கு வருகிறது. பிளாஸ்டிக்கை எரித்து நெற்றியில் இட முடியுமா? ஆண்டுதோறும் புதிதாக முடைந்தாக வேண்டும் என்பதாலேயே இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வருகிற குருத்தோலை ஞாயிற்றுக்குக் கடையில் சிலுவை வாங்காதீர்கள். சனிக்கிழமையே பிள்ளைகளோடு உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போங்கள். முடையத் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே இருப்பார். நடு முடிச்சை மட்டும் நிதானமாகச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.