முன் அனுபவத்தை யார் தருவது?

(மும்பையில் நம் சங்கம் கூட்டிய இளைஞர் – பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

நம் வீடுகளில் இன்று பெரிய பேச்சு எது? அரிசி விலையா? வாடகையா? அவையும் உண்டு. ஆனால் படித்து முடித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்துவிட்டால், அதன் வேலையைப் பற்றிய பேச்சுக்குத்தான் முதலிடம். "எங்கேயாவது கேட்டாயா?" என்பார் தகப்பனார். "கேட்டேன்" என்பான் பிள்ளை. "என்ன சொன்னார்கள்?" "முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள்." அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தக் கதைதான் இது. வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளை அதை எந்தக் கடையில் போய் வாங்குவான்?

நம் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பம்பாய்க்கு ரயில் ஏறி வந்தார்கள். தாராவியின் தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் போனார்கள். துறைமுகத்துக்குப் போனார்கள். மில்லுக்குப் போனார்கள். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. மில்லில் 'பத்லி' என்று ஒரு முறை இருந்தது. காலையில் மில் வாசலில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி வராத அன்று பத்லிக்காரனுக்கு வேலை. மற்ற நாள் திரும்பி வர வேண்டியதுதான். ஆனாலும், அன்றைக்குக் கிடைத்த வேலையில் அவன் தொழிலைக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுக்கும் செலவு மில்லுடையது.

அதைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. கூட்டிவந்து சேர்த்துவிட்ட ஆளுக்கு ஆயுள் முழுதும் கடன்பட்டுக் கிடந்தவர்கள் நம்மில் உண்டு. 1966-இல் சிவசேனை தோன்றியபோது, தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறித்துக்கொண்டார்கள் என்று நம்மைத்தான் குறிவைத்துப் பிரசாரம் நடந்தது. அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் 'மார்மிக்' பத்திரிகையில் வெளிவந்தன. அந்தக் கஷ்டத்தையெல்லாம் தாங்கித்தான் நம் பெரியவர்கள் இந்த நகரத்தில் கால் ஊன்றினார்கள்.

பிறகு என்ன நடந்தது? 1982 ஜனவரி 18 அன்று பம்பாய் மில் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. மில் நிலத்தில் மாடிக் கட்டடங்கள் எழும்பின. தோல் பதனிடும் வேலையும் தாராவியைவிட்டுப் போயிற்று. தொழில் தெரியாத பையனை உள்ளே விட்டுத் தொழிலாளியாக வெளியே அனுப்பிய வாசல்கள் அடைபட்டன. அந்த இடத்தில் காண்டிராக்ட் வந்தது. காண்டிராக்டர் ஆளைக் கற்பிக்கமாட்டான். கற்றுவந்த ஆளைத்தான் கேட்பான்.

ஆகவே தோழர்களே, 'முன் அனுபவம் உண்டா' என்ற கேள்விக்குப் பொருள் என்ன? 'உன்னைப் பழக்கும் செலவை நான் ஏற்கமாட்டேன், உன் தகப்பன் ஏற்கட்டும்' என்பதுதான் பொருள். அந்தச் செலவு நம் வீட்டுக்குள் கோர்ஸ் கட்டணமாக வருகிறது, ஏஜெண்டு கமிஷனாக வருகிறது, தாயின் காதுத் தோட்டை அடகுக்கடைக்கு அனுப்புகிறது. வேலை கிடைக்காத பிள்ளையைத் 'துப்பில்லாதவன்' என்று ஏசும் பெற்றோர் இதை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் வழியே இல்லையா? உண்டு. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். முப்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுத்தே தீர வேண்டும் என்று 2019-இல் விதி திருத்தப்பட்டது. பத்தாவது முடித்தவனுக்கு மாதம் 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000 என்று அப்போது குறைந்தபட்ச உதவித்தொகையும் நிர்ணயித்தார்கள். அதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025-இல் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரை செய்தது. முன் அனுபவம் கேட்க முடியாத இடம் இது ஒன்றுதான். பழகுவதற்கென்றே போகிறவனிடம் பழக்கம் உண்டா என்று கேட்க முடியாதல்லவா?

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளரே தவிர தொழிலாளி அல்ல என்று அதே சட்டம் சொல்கிறது. பி.எஃப். இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. இதைப் பயன்படுத்திக்கொண்டு, வருஷா வருஷம் புதுப் பையன்களை எடுத்து, முழு வேலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் முதலாளிகள் இருக்கிறார்கள். இங்கே 1995-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை இளைஞர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கு அது. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், பயிற்சி பெற்றவருக்கு நேரடியாக வருகிறவரைவிட முன்னுரிமை தரவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. பயிற்சி முடித்தவர்களை எப்படி வேலைக்கு எடுப்பது என்று ஒவ்வொரு முதலாளியும் தனக்கொரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014-இல் சட்டமும் திருத்தப்பட்டது. அந்தக் கொள்கையைக் காட்டு என்று கேட்கிற ஆள்தான் குறைவு.

இனி நாம் வேலை பார்க்கும் ரயில்வேக்கு வருவோம். 2018 மார்ச் 20 அன்று காலையில், நம் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் உட்கார்ந்த இளைஞர்களை இங்கே பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ரயில்வே பணிமனைகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் அவர்கள். தங்களுக்கு 20 சதவீத இடம் மட்டும் ஒதுக்கியது போதாது, எங்களை நேராக வேலையில் சேர்த்துக்கொள் என்று கேட்டார்கள். காலை நேரத்து ரயில்கள் மணிக்கணக்கில் நின்றன. வேலைக்குப் போகும் ஜனங்கள் அவர்களைத் திட்டினார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே 2018-இல் ரயில்வேயின் கடைநிலைப் பணிகளில் 62,907 இடங்களுக்குச் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 300 பேர். இந்த நிலையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பையனைப் பார்த்து, 'ஒழுங்காகப் பரீட்சை எழுதேன்' என்று சொல்வதற்கு நமக்கு வாய் வருமா?

இந்தப் பசியைத்தான் மோசடிக்காரன் மோப்பம் பிடிக்கிறான். 2022-இல் நடந்ததைக் கேளுங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த இளைஞர்கள் 28 பேர். டிக்கெட் பரிசோதகர், குமாஸ்தா என்று ரயில்வே வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாயைக் கறந்தார்கள். பிறகு அவர்களைப் புதுடெல்லி ரயில் நிலையத்தில் நிறுத்தி, வருகிற வண்டி எத்தனை, போகிற வண்டி எத்தனை, எத்தனை பெட்டி என்று எண்ணச் சொன்னார்கள். இதுதான் பயிற்சி என்றார்கள். தினமும் எட்டு மணி நேரம், ஒரு மாதம் போல அந்தப் பிள்ளைகள் வண்டி எண்ணினார்கள். அப்புறம்தான் எல்லாம் பொய் என்று தெரிந்து போலீசுக்குப் போனார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வேலையே பார்த்திராத பையனுக்கு வேலை எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்? பிளாட்பாரத்தில் நிற்கச் சொன்னால் நிற்பான். அதனால்தான் தெரிந்த நாம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ரயில்வேயின் கடைநிலைப் பணிக்கு விளம்பரம் வரும், கணினிவழித் தேர்வு நடக்கும், உடல்திறன் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை நடக்கும். நேர்முகத் தேர்வு கிடையாது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே 'இண்டர்வியூவில் சொல்லி வைக்கிறேன்' என்று ஒருவன் வந்தால், இல்லாத இண்டர்வியூவுக்குத்தான் அவன் பணம் கேட்கிறான். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். மும்பையில் இருந்துகொண்டே தமிழில் எழுதலாம். இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை.

அடுத்தது சாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவர் என்ற சான்று, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநில அரசின் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொன்னது. 2018-இல் மறுபடியும் அதை உறுதி செய்தது. மும்பையில் பிறந்து, மும்பைக் குடிசையில் வளர்ந்து, இங்கே சாதியின் இழிவையும் அனுபவிக்கும் பிள்ளைக்கு, இழிவு மட்டும் மாநில எல்லை தாண்டி வருகிறது, உரிமை வருவதில்லை. இந்த அநீதியை நம் சங்கம் தொடர்ந்து எதிர்க்கும். ஆனால் ரயில்வே போன்ற மத்திய அரசு வேலைகளில், சொந்த மாநிலத்தைக் கொண்டு ஒதுக்கீட்டு உரிமை உண்டு. ஆகவே தகப்பனாரின் ஊர்ச் சான்றிதழைத் தேடி எடுங்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கூடவே பெயரையும் பாருங்கள். நாம் இனிஷியல் போடுகிறவர்கள். இங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், சாதிச் சான்றில் இன்னொரு விதம் என்று நம் பிள்ளைகளின் பெயர் மூன்றாகக் கிடக்கிறது. தேர்வில் தேறியவன் சரிபார்ப்பில் நின்றுபோகும் இடம் இது. விளம்பரம் வருவதற்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும்.

அரசு வேலை எல்லோருக்கும் கிடைக்காது. கடையிலோ, ஆஸ்பத்திரியிலோ, கிடங்கிலோ பலர் தொடங்குவார்கள். தொடங்கட்டும். ஆனால் தாளில் இல்லாத வேலை அனுபவமாகக் கணக்கில் ஏறாது. ஆறு மாதம் உழைத்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாவிட்டால், அடுத்த இடத்தில் மறுபடியும் 'முன் அனுபவம் இல்லாதவன்'தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, எதிர்ப்பதற்குக் காரணமும் உண்டு. ஆனாலும் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் நியமனக் கடிதம் தரவேண்டும் என்ற கடமை அதில் இருக்கிறது. அதை விடாதீர்கள். நியமனக் கடிதம், வங்கி வழியாகச் சம்பளம், பி.எஃப். பிடித்தால் அதன் எண் இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

தங்கைமார்களுக்கு ஒரு சொல். பையனுக்கு இரண்டு வருஷம் வேலை தேட அவகாசம் தருகிற வீடு, பெண்ணுக்கு இரண்டு மாதம் தருவதில்லை. அதற்குள் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெண்ணைப் படிக்க வைத்த தாய்மார்களே, அந்தப் படிப்பு சம்பளமாக மாறும்வரை பொறுத்திருக்க வேண்டாமா?

கடைசியாக ஒன்று. 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத மும்பைக்கு வந்த வட இந்திய இளைஞர்களை மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையினர் அடித்து விரட்டினார்கள். அறுபதுகளில் நாம், அப்போது அவர்கள். இன்று நம் தமிழ்நாட்டிலேயே வடக்கிலிருந்து வரும் கூலித் தொழிலாளியைப் பார்த்து அதே பேச்சைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த இடத்தைக் காட்டி அரசு வேலையில் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு. உள்ளூர்க்காரருக்குத் தனியார் வேலையில் 75 சதவீதம் என்ற ஹரியானா சட்டத்தை 2023-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வேலையைப் பறித்தவன் பக்கத்துக் குடிசைக்காரன் அல்ல. ஆகவே மராத்தி படிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். பயந்து அல்ல, பக்கத்து வீட்டு மராட்டியத் தோழனோடு சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதற்காக.

பெரியவர்களுக்குச் சங்கம் ஒரு வேலை தருகிறது. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் முப்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்களா? அப்ரண்டிஸ் எடுக்கிறார்களா? எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்கு இந்த மூன்றுக்கும் விடை கொண்டு வாருங்கள். எடுக்காத நிறுவனங்களின் பட்டியலைத் தயாரித்து, அப்ரண்டிஸ் ஆலோசகர் அலுவலகத்தில் சங்கத்தின் பெயரால் கொடுப்போம். இளைஞர்கள் தங்கள் சான்றிதழ்களை எடுத்து வாருங்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் நம்மில் இருக்கிறோம். எழுதித் தருகிறோம். காசு வேண்டாம்.