வீட்டு வேலையும் நம் நேரமும்

(மகளிர் பிரிவு ஏற்பாடு செய்த குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



வேலைக்குச் செல்லும் பெற்றோர் வீட்டில் நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று பேசும்படி என்னைப் பணித்தார்கள். நான் இதில் நிபுணர் அல்லேன். நான்கறை வீவக வீட்டில் இரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அலுவலகத்திற்கும் போகிறவள். பட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

என் மூத்த மகள் தொடக்கநிலை மூன்றில் படித்தபோது ஒரு நாள் காலை, "அம்மா, பலகையில் எழுத்து சரியாகத் தெரியலை" என்றாள். என் கையில் சீப்பு, அடுப்பில் தோசை. "அப்புறம் பேசலாம், பஸ் வந்துடும்" என்றேன். அந்த "அப்புறம்" வர இரண்டு மாதமாயிற்று. அதுவும் ஆசிரியை தொலைபேசியில் அழைத்த பிறகு. கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு மாதமும் அவள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். மறுபடி என்னிடம் சொல்லவில்லை.

அதன் பிறகே வீட்டை மாற்றினோம். பள்ளி 7.30க்குத் தொடங்கும், பள்ளிப் பேருந்து 6.20க்கே கீழே நிற்கும். காலையை நீட்ட முடியாது. ஆகவே காலை வேலைகளை முந்தைய இரவுக்குத் தள்ளினோம். சீருடை, காலுறை, தண்ணீர்ப் போத்தல், புத்தகப் பை எல்லாம் இரவு ஒன்பதுக்குள் வாசலருகே வந்துவிட வேண்டும். பையை அடுக்குவது பிள்ளைகளின் வேலை. முதல் மாதம் எதையாவது மறந்தார்கள். மறக்கட்டும் என்று விட்டேன். அதுதான் கடினமாக இருந்தது!

சமையலுக்கு வருவோம். சனிக்கிழமை நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஊற வைத்து அரைத்துவிடுவேன். நம் ஊர் வெப்பத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். துவரம்பருப்பை மொத்தமாக வேக வைத்து, சிறு டப்பாக்களில் மூன்று நாளைக்கு வைத்துக்கொள்வேன். ஓர் எச்சரிக்கை: வெந்த சோற்றையும் பருப்பையும் இரவு முழுதும் அடுப்பின் மேலேயே விடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைக்க வேண்டும். சோற்றில் வளரும் சில கிருமிகளின் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் போகாது.

பணிப்பெண் இருந்தால் போதும் என்பார் சிலர். எந்தப் பொருள் எங்கே என்று வீட்டாருக்கே தெரியாவிட்டால் அவர் மட்டும் என்ன செய்வார்?

தந்தைமார்கள் கோபிக்கக் கூடாது. "சொன்னால் செய்கிறேனே" என்பது உதவியன்று. நினைவு வைத்துச் சொல்வதே பாதி வேலை. பள்ளி அனுமதிப் படிவங்களெல்லாம் 2019 முதல் 'பேரன்ட்ஸ் கேட்வே' செயலியில் வருகின்றன. அதைப் பார்ப்பது, பதில் தருவது, பணம் கட்டுவது மூன்றையும் என் கணவரிடமே விட்டுவிட்டேன். இரண்டு தடவை தவறினார். இப்போது என்னைவிடச் சரியாகச் செய்கிறார்.

இத்தனையும் செய்து மிஞ்சுவது காலையில் பதினைந்து நிமிடம். அதில் நான் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. மேசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கோப்பி குடிக்கிறேன். போன வாரம் சின்னவன் பல் ஆடுகிறது என்றான். வாயைத் திறக்கச் சொல்லி அப்போதே பார்த்தேன்.

இன்று சனிக்கிழமை. உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது, நான் புறப்பட வேண்டும்.